ஆறு கார்டும் ஒரு மின் மீட்டரும்

மைனிங் ரிக் என்ற எந்திரத்தை முதல் முறை பார்ப்பவருக்கு, யாரோ கம்ப்யூட்டரைப் பிரித்துப்போட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்கள் என்றுதான் தோன்றும். கேபினெட் கிடையாது. அலுமினியத்திலோ மரத்திலோ ஒரு திறந்த சட்டம். அதன் கீழ்த்தட்டில் மதர்போர்டும் பவர் சப்ளையும். மேலே குறுக்குச் சட்டத்தில் வரிசையாகத் திருகப்பட்ட ஆறு கிராஃபிக்ஸ் கார்டுகள். மானிட்டர் இருக்காது, கீபோர்டு இருக்காது. இரவும் பகலும் ஃபேன்கள் மட்டும் இரைந்துகொண்டிருக்கும்.

2016 முதல் 2022 வரை உலகின் பல நாடுகளில், கார் ஷெட்டிலும் நிலவறையிலும் மாடிப்படிக்குக் கீழேயும் இப்படிப்பட்ட எந்திரங்கள் ஓடின. அவற்றில் பெரும்பாலானவை தேடியது ஈதர் என்ற மெய்நிகர் நாணயத்தை. விளையாட்டுப் பிரியர்களுக்காகச் செய்யப்பட்ட கார்டை வைத்து வீட்டிலேயே பணம் பார்க்கலாம் என்றதும், வேகமான கார்டு வைத்திருப்பவர்தான் ஜெயிப்பார் என்று பலரும் நினைத்தார்கள். உண்மையில் இந்தத் தொழிலில் தேறியவர்கள் வாட்டைக் குறைக்கக் கற்றவர்கள். அது ஏன் என்பது, எந்திரம் என்ன வேலை செய்கிறது என்று பார்த்தால் விளங்கும்.

குருட்டுத் தேடல்

வங்கி இல்லாமல் ஓடும் பணத்துக்கு ஒரு பொதுக் கணக்குப் புத்தகம் வேண்டும். யார் யாருக்கு எவ்வளவு அனுப்பினார்கள் என்ற பதிவுகள் ‘பிளாக்’ என்ற தொகுப்புகளாக அதில் ஒன்றன்பின் ஒன்றாகச் சேரும். அடுத்த பிளாக்கை எழுதும் உரிமை யாருக்கு? இதைத் தீர்க்க ஒரு போட்டி வைத்தார்கள். பிளாக்கின் விவரங்களோடு ஏதாவது ஒரு எண்ணைச் சேர்த்து, ‘ஹாஷ்’ என்ற கணக்கீட்டுக்குள் செலுத்த வேண்டும். வெளியே வரும் விடை, குறிப்பிட்ட வரம்பைவிடச் சிறியதாக இருந்தால் வெற்றி. இல்லையென்றால் வேறு எண்ணைப் போட்டுப் பார்க்க வேண்டியதுதான். எந்த எண் எந்த விடையைத் தரும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியே கிடையாது. வென்றவருக்குப் புதிய நாணயங்கள் பரிசு. இந்தத் தேடலுக்குத்தான் மைனிங் என்று பெயர்.

போட்டிக்கு ஆள் கூடினால் வரம்பு தானாகவே கடுமையாகும். ஈதர் நாணயத்தின் வலையமைப்பான ஈதரியத்தில் அப்போது சராசரியாக 13 நொடிக்கு ஒரு பிளாக் வந்தது. உலகில் உள்ள கார்டுகள் எல்லாம் இரட்டிப்பானாலும் அந்தக் கால இடைவெளி ஏறத்தாழ மாறாது. ஆகவே கார்டுகள் பெருகுவதால் நாணயம் பெருகாது, ஒவ்வொருவரின் பங்குதான் சுருங்கும். இந்தக் கட்டுரை முடிவதற்குள் இந்த விதி மறுபடியும் தலைகாட்டும்.

பிட்காயின் 2009 ஜனவரியில் தொடங்கியபோது சாதாரண கம்ப்யூட்டரின் பிராசஸரே இந்த வேலைக்குப் போதுமானதாக இருந்தது. 2010 மே மாதம் 10,000 பிட்காயின் கொடுத்து இரண்டு பீட்சா வாங்கியதற்காகப் பெயர்பெற்ற லாஸ்லோ ஹன்யெட்ஸ்தான், கிராஃபிக்ஸ் கார்டை இதற்குப் பயன்படுத்திய முன்னோடிகளில் ஒருவர். பிராசஸரில் வலுவான கோர்கள் சில இருக்கும். கிராஃபிக்ஸ் கார்டிலோ எளிய கணக்கு மட்டும் போடத் தெரிந்த சிறு அலகுகள் ஆயிரக்கணக்கில் உண்டு. ஏஎம்டி நிறுவனம் 2017-இல் வெளியிட்ட ஆர்எக்ஸ் 580 கார்டில் அவை 2,304. ஒரே கணக்கை வெவ்வேறு எண்களுக்குத் திரும்பத் திரும்பப் போட அதைவிடப் பொருத்தமான கருவி அன்று கடைகளில் இல்லை.

ஆனால் பிட்காயினில் கார்டுகளின் காலம் நீடிக்கவில்லை. 2013-இல் அந்த ஒரே கணக்கை மட்டும் போடுவதற்கென்றே வடித்த ஏசிக் சிப்புகள் வந்தன. பிட்காயின் காலத்துப் பழைய கார்டான ரேடியான் எச்டி 5870 நொடிக்குச் சுமார் 40 கோடி ஹாஷ் போடும். 2016-இல் வந்த ஆன்ட்மைனர் எஸ்9 என்ற ஏசிக் பெட்டி நொடிக்கு 13 லட்சம் கோடிக்கு மேல் போட்டது. முப்பதாயிரம் கார்டுகளின் வேலையை ஒரு பெட்டி செய்யும்போது வீட்டுக்காரர் என்ன செய்வார்?

நினைவகம் போட்ட வேலி

2015 ஜூலை 30 அன்று தொடங்கிய ஈதரியம், இந்த நிலை தனக்கு வராமல் ஒரு வேலி போட்டுக்கொண்டது. ஈதாஷ் என்ற அதன் கணக்கீட்டு முறையில் கூட்டல் பெருக்கல் குறைவு, நினைவகத்தைத் தேடிப் போவது அதிகம். ஒரு பெரிய நூலகத்துக்குள் ஒருவரை அனுப்பி, ஒரு பக்கத்தைப் பார்த்து அதில் உள்ள குறிப்பை வைத்து எங்கோ இருக்கும் அடுத்த பக்கத்துக்கு ஓடச் சொல்வதைப் போன்றது இது. அவர் மனக்கணக்கில் எவ்வளவு புலியாக இருந்தாலும் நடக்கும் நேரம் குறையாது.

அந்த நூலகத்தின் பெயர் டேக். தொடக்கத்தில் ஒரு ஜிபி அளவில் இருந்த இந்தத் தரவுத் தொகுப்பு, 30,000 பிளாக்குகளுக்கு ஒரு தடவை 8 எம்பி வீதம் வளர்ந்தது. முழுவதும் கார்டின் நினைவகத்துக்குள் இருக்க வேண்டும். 2020 டிசம்பரில் அது 4 ஜிபியை எட்டியபோது, நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருந்த 4 ஜிபி கார்டுகள் ஈதரியத்துக்கு உதவாதவையாகிவிட்டன.

ஒரு ஹாஷ் போட டேக்கிலிருந்து 64 முறை, முறைக்கு 128 பைட் படிக்க வேண்டும். பெருக்கினால் 8,192 பைட். ஆர்எக்ஸ் 580 கார்டின் நினைவகம் நொடிக்கு 256 ஜிபி தரவு தரும். 256 ஜிபியை 8,192 பைட்டால் வகுத்தால் சுமார் 3.1 கோடி வருகிறது. பழகியவர்கள் கையில் அந்தக் கார்டு நொடிக்கு 3 கோடி ஹாஷ், அதாவது 30 மெகாஹாஷ் கொடுத்தது. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3080 கார்டுக்கு நினைவக வேகம் 760 ஜிபி. வகுத்தால் 9.3 கோடி. கிடைத்ததும் அதையொட்டித்தான். நினைவகத்தின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டியவர்களுக்கு விடையும் அதே விகிதத்தில் கூடியது.

வேலி உறுதியானது என்பதற்குச் சாட்சி 2018-இல் வந்தது. பிட்மெயின் நிறுவனம் ஈதரியத்துக்கென ஆன்ட்மைனர் இ3 என்ற ஏசிக் பெட்டியை அறிவித்தது: 180 மெகாஹாஷ், 800 வாட். ஆறு ஆர்எக்ஸ் 580 கார்டுகளைக் கவனமாகச் சரிசெய்து ஓட்டினால் வரும் அளவும் கிட்டத்தட்ட அதுதான். நினைவகத்தைச் சார்ந்த வேலையில் அன்று தனிச் சிப்பாலும் பெரிதாக முந்த முடியவில்லை. வீட்டு ரிக் இத்தனை ஆண்டு தாக்குப்பிடித்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

எந்திரத்தின் உறுப்புகள்

ரிக்கில் விலை உயர்ந்த பொருள் கார்டு மட்டுமே. மற்றவை எல்லாம் மலிவாக இருந்தால் போதும். செலரான் பிராசஸர், 4 அல்லது 8 ஜிபி ரேம், சிறிய எஸ்எஸ்டி. மதர்போர்டில் மட்டும் கார்டு செருகும் இடங்கள் அதிகம் வேண்டும். ஏஎஸ்ராக் நிறுவனம் 13 இடங்களோடும் ஏசுஸ் 19 இடங்களோடும் இதற்கென்றே போர்டுகளைச் செய்து விற்றன.

ஆறு தடிமனான கார்டுகளை ஒரே போர்டில் நேரடியாகச் செருக இடமிருக்காது, காற்றும் போகாது. அதனால் ரைசர் என்ற இணைப்பு. போர்டின் சிறிய துளையில் ஒரு வில்லை, அதிலிருந்து ஒரு கேபிள், மறுமுனையில் கார்டு உட்காரும் சிறு பலகை. கேபிள் யுஎஸ்பி மாதிரியே இருக்கும். ஆனால் உள்ளே ஓடுவது யுஎஸ்பி சைகை அல்ல, அதை யுஎஸ்பி துளையில் செருகவே கூடாது. விளையாட்டுக்குப் பதினாறு தடங்கள் தேவைப்படும் கார்டுக்கு இங்கே ஒரே தடம் போதும். டேக் கார்டுக்குள்ளேயே உருவாகி அங்கேயே இருப்பதால், வெளியிலிருந்து வந்து போவது சில பைட்டுகள்தான்.

ரைசரில்தான் ஆபத்தும் இருக்கிறது. கார்டு தன் துளை வழியாக 75 வாட் வரை இழுக்கலாம். பல ரைசர்களோடு சாட்டா வகை மின்இணைப்புக் கம்பி சேர்ந்து வரும். ஹார்டு டிஸ்குக்காக வடிவமைத்த அந்த இணைப்பின் 12 வோல்ட் பின்கள் தாங்கக்கூடியது 54 வாட். மணிக்கணக்கில் அதற்கு மேல் இழுத்தால் பிளாஸ்டிக் உருகும், தீப்பிடிக்கவும் கூடும். பவர் சப்ளையிலிருந்து வரும் ஆறு பின் கேபிளை நேராக ரைசருக்குக் கொடுப்பதே முறை. இரண்டு பவர் சப்ளை வைத்திருப்பவர்கள், ஒரு கார்டுக்கும் அதன் ரைசருக்கும் ஒரே பவர் சப்ளையிலிருந்துதான் மின்சாரம் தர வேண்டும்.

சுவரிலும் கவனம் வேண்டும். 6 ஆம்பியர் பிளக்கில் 230 வோல்ட்டுக்கு உச்சம் 1,380 வாட். இடைவிடாமல் ஓடும் சாதனத்துக்கு அதில் எண்பது சதவீதத்துக்குள் நிற்பதுதான் பாதுகாப்பு. டிவிக்கு வாங்கிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ரிக்கை மாட்டுவது வம்பை விலை கொடுத்து வாங்குவது. 16 ஆம்பியர் பிளக், தனி எம்சிபி, ஒழுங்கான எர்த்திங் என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டு வாங்க வேண்டும்.

வாட்டைக் குறைப்பது எப்படி

கார்டின் கணக்கிடும் சிப் நினைவகத்துக்காகக் காத்துக்கொண்டே இருக்கிறது என்றால், அதை முழு வேகத்தில் ஓடவிடுவது வீண்தானே? இந்தக் கேள்வியிலிருந்துதான் ரிக் ஓட்டுபவரின் கைத்திறன் தொடங்குகிறது.

சிப் தின்னும் மின்சாரம் அதன் துடிப்பு வேகத்தைப் பொறுத்தது. மின்னழுத்தத்தையோ இன்னும் அதிகமாக, அதன் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆர்எக்ஸ் 580 கார்டின் சிப்பை 1,340 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1,150-க்கும், 1.15 வோல்ட்டிலிருந்து 0.85-க்கும் இறக்கினால், கணக்குப்படி சிப்பின் மின்செலவு பாதிக்கும் கீழே வந்துவிடும். ஹாஷ் எண்ணிக்கை குறையாது. சில நேரம் சூடு தணிந்து கார்டு சீராக ஓடுவதால் சற்றுக் கூடவும் செய்யும். இதற்குப் பெயர் அண்டர்வோல்ட்.

சிப்பில் மிச்சம் பிடித்தபின் நினைவகத்தின் பக்கம் வருவார்கள். கடையிலிருந்து வந்தபடியே ஓட்டினால் ஆர்எக்ஸ் 580 இருபது சொச்சம் மெகாஹாஷ்தான் தரும். நினைவகம் ஒரு படிப்புக்கும் அடுத்த படிப்புக்கும் இடையே எவ்வளவு காத்திருக்க வேண்டும் என்ற கால அட்டவணை, பயாஸ் என்ற கார்டின் உள்நிரலில் எழுதப்பட்டிருக்கும். வேகம் குறைந்த நிலைக்கான இறுக்கமான அட்டவணையை எடுத்து, வேகமான நிலைக்கும் பொருத்திவிட்டால் 30-ஐ எட்டலாம். வாரன்டி போய்விடும், தவறினால் கார்டு எழுந்திருக்காது. அதனால் பழைய பயாஸை முதலில் நகலெடுத்து வைப்பது அனுபவசாலிகளின் வழக்கம்.

நினைவக வேகத்தைக் கூட்டும்போது சிறு சிறு படிகளாகப் போக வேண்டும். அளவு மீறினால் படிப்பதில் பிழை வரும், பிழையோடு போட்ட ஹாஷ் செல்லாது. ஆர்டிஎக்ஸ் 3080 போன்ற கார்டுகளின் ஜிடிடிஆர்6எக்ஸ் நினைவகம் பிழையைக் கண்டால் அதே படிப்பைத் திரும்பச் செய்யும். அங்கே மீறலின் அடையாளம், வேகத்தைக் கூட்டக் கூட்ட ஹாஷ் இறங்குவது.

இத்தனைக்கும் பலன் மீட்டரில் தெரியும். ஆர்எக்ஸ் 580-இன் வடிவமைப்பு அளவு 185 வாட். ஆறு கார்டு, மற்ற உறுப்புகளுக்கு 60 வாட், பவர் சப்ளையின் திறன் 90 சதவீதம் என்று வைத்தால் சுவரிலிருந்து இழுப்பது 1,300 வாட், நாளுக்கு 31 யூனிட். கார்டுக்கு 120 வாட்டாகக் குறைத்தால் 867 வாட், நாளுக்கு 21 யூனிட்டுக்கும் சற்றுக் கீழே. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மின்கட்டணம் கட்டுகிறோம். அந்த 60 நாளில் மட்டும் வித்தியாசம் 600 யூனிட்டைத் தாண்டும்.

சூடு, தூசி, ஃபேன்

ரிக் இழுக்கும் 867 வாட்டும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வரும். ஒரு டன் ஏசி வெளியேற்றக்கூடிய வெப்பம் 3,500 வாட். அதில் கால்வாசியை இந்த ஒரு சட்டமே எடுத்துக்கொள்ளும், ஏசி ஓடும் செலவு தனி. குளிர்நாட்டுக்காரர்கள் இந்தச் சூட்டில் வீட்டைக் கதகதப்பாக்கிக்கொண்டார்கள். நம் ஊரில் கோடைக் காற்றே 38 டிகிரியில் வரும்போது கார்டும் அதற்கேற்ப ஏறும். ஒரு பக்கம் ஜன்னல், எதிர்ப்பக்கம் எக்ஸாஸ்ட் ஃபேன் என்று அறையில் காற்று ஒரே திசையில் கடந்துபோக வழி செய்வதுதான் இதற்கு மருந்து. மூடிய அறையில் டேபிள் ஃபேன் வைப்பது அதே சூட்டைச் சுற்றவிடுவதோடு சரி.

சிப்பின் வெப்பம் 60, 65 டிகிரியில் இருந்தால் நிம்மதி. ஆனால் ஜிடிடிஆர்6எக்ஸ் கார்டுகளில் சிப் குளிர்ச்சியாகக் காட்டும்போதே நினைவகம் 110 டிகிரியைத் தொட்டு, தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நினைவகத்துக்கும் உலோகத் தகட்டுக்கும் நடுவே உள்ள மென்மையான தெர்மல் பேட் தரமில்லாமல் இருப்பது இதற்கு வழக்கமான காரணம். மாற்றும்போது தடிமன் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். அரை மில்லிமீட்டர் கூடினாலும் தகடு சிப்பின் மேல் படியாமல் தூக்கிக்கொள்ளும், சிப் சூடாகிவிடும்.

எந்திரத்தில் முதலில் உயிரை விடுவது அநேகமாக ஃபேன்தான். அசையும் உறுப்பு அது ஒன்றுதானே. பேரிங் தேயத் தொடங்கியதும் கரகரவென்ற சத்தம் வரும். அப்போதே மாற்றிவிட வேண்டும். தூசி தட்ட ரிக்கை அணைத்து, வெளியே கொண்டுபோய் ப்ளோயரால் ஊத வேண்டும். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளாவிட்டால், அது எல்லை மீறிச் சுழன்று பேரிங் கெடும். ஓரிரண்டு ஆண்டில் சிப்பின் மேலுள்ள தெர்மல் பேஸ்ட் காய்ந்து வெப்பம் ஏறத் தொடங்கும். பழையதைத் துடைத்துப் புதிதாகத் தடவினால் சரியாகும்.

ஆளில்லாமல் ஓடும் எந்திரம் என்பதால் கண்காணிப்பும் வேண்டும். ஹைவ்ஓஎஸ் போன்ற லினக்ஸ் அமைப்புகள் ஒவ்வொரு கார்டின் வெப்பத்தையும் வேகத்தையும் மொபைலில் காட்டும். ஒரு கார்டு உறைந்துபோனால் வாட்ச்டாக் என்ற பகுதி ரிக்கை மறுபடி எழுப்பும். கரன்ட் போய் வந்ததும் தானாக ஓடத் தொடங்கும்படி மதர்போர்டு பயாஸில் அமைத்துவிட்டால், நள்ளிரவு மின்வெட்டுக்கு யாரும் எழுந்திருக்க வேண்டியதில்லை.

வரவும் செலவும்

2022 செப்டம்பரில் ஈதரியத்தின் மொத்தத் திறன் நொடிக்குச் சுமார் 900 லட்சம் கோடி ஹாஷ். ஆறு கார்டு ரிக்கின் 18 கோடி அதில் ஐம்பது லட்சத்தில் ஒரு பங்கு. நாளுக்கு ஏறத்தாழ 6,500 பிளாக். தனியாக முயன்றால் சராசரியாக இரண்டு ஆண்டுக்கு மேல் காத்திருந்து ஒரு பிளாக் கிடைக்கும். அதனால்தான் பூல் என்ற கூட்டு முறை. எல்லோரும் சேர்ந்து தேடி, ஒவ்வொருவரும் செய்த வேலைக்கு ஏற்ப அவரவர் வாலட்டில் பங்கு வந்துவிடும். பூலுக்குப் பொதுவாக ஒரு சதவீத அளவில் கட்டணம்.

பிளாக்குக்கு 2 ஈதர் என்று வைத்தால் நம் ரிக்கின் பங்கு நாளுக்கு 0.0026 ஈதர். அப்போதைய விலை 1,600 டாலரை ஒட்டி இருந்தது. ரூபாயில் சுமார் 330. யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் மின்சாரத்துக்கு 166 போகும். இந்தியாவில் 2022 ஏப்ரல் முதல் மெய்நிகர் சொத்து விற்பனைக்கு 30 சதவீத வரி. மைனிங் எந்திரங்களுக்கான செலவைக் கழித்துக்கொள்ள முடியாது என்று அரசு அந்த மார்ச் மாதமே நாடாளுமன்றத்தில் சொல்லிவிட்டது. வரி 99 ரூபாய் போனால் மீதி 65. ஆறு கார்டின் விலையை இதிலிருந்துதான் மீட்க வேண்டும். அண்டர்வோல்ட் செய்யாத ரிக்காக இருந்தால் அந்த 65-உம் மின்கட்டணத்திலேயே கரைந்துபோயிருக்கும்.

மின்சாரம் மலிவான இடங்களைத் தேடி இந்தத் தொழில் ஓடியது இதனால்தான். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள செலான் கவுன்டியில், கொலம்பியா ஆற்று அணைகளின் தயவால் யூனிட் சுமார் 3 சென்ட்டுக்குக் கிடைத்தது. மைனர்கள் அங்கே குவிந்தார்கள். குடியிருப்புக்கென அமைத்த கம்பிகளும் டிரான்ஸ்ஃபார்மர்களும் சொல்லாமல் ஏறிய சுமையில் திணறின. 2018 மார்ச்சில் அங்குள்ள மின்வாரியம் புதிய மைனிங் இணைப்பு விண்ணப்பங்களை நிறுத்திவைத்தது.

கார்டுகளுக்கு அடுத்த வேலை

2022 செப்டம்பர் 15, இந்திய நேரப்படி நண்பகல் சுமார் 12.12 மணிக்கு ஈதரியம் இந்தப் போட்டியையே கைவிட்டது. ஈதரைப் பணயமாகப் பூட்டி வைப்பவர்களே அடுத்த பிளாக்கை எழுதுவார்கள் என்ற முறைக்கு மாறியதில், அதன் மின்செலவு 99 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. ஈதரியம் கிளாசிக், ரேவன்காயின் போன்ற சிறிய நாணயங்களை நோக்கிக் கார்டுகள் பாய்ந்தன. அங்கே பரிசு சிறியது, வந்த கூட்டமோ பெரியது. கடினம் தானாக ஏறியது, பங்கு சுருங்கியது. பெரும்பாலான வீட்டு ரிக்குகளுக்கு மின்கட்டணமே கட்டுப்படியாகவில்லை. கார்டுகள் பழைய பொருள் சந்தையில் வந்து குவிந்தன.

மைனிங்கில் ஓடிய கார்டை வாங்கலாமா என்ற கேள்விக்கு, எப்படி ஓடியது என்பதைப் பொறுத்து என்பதே பதில். குறைந்த வோல்ட்டில், நல்ல காற்றோட்டத்தில் சீராக ஓடிய கார்டு, அடிக்கடி சூடாகி ஆறும் விளையாட்டுக் கார்டைவிட மோசமாக இருக்க வேண்டியதில்லை. வாங்கும் முன் அரைமணி நேரம் முழுச் சுமையில் ஓட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். ஃபேன் சத்தம், நினைவக வெப்பம், பயாஸ் மாற்றப்பட்டதா என்ற மூன்றையும் பார்த்துவிட வேண்டும்.

அந்தக் கார்டுகளில் சில இப்போது வேறொரு வேலைக்குப் போயிருக்கின்றன. செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகளை வீட்டிலேயே ஓட்டிப் பார்ப்பவர்கள் 24 ஜிபி நினைவகம் கொண்ட பழைய ஆர்டிஎக்ஸ் 3090 கார்டுகளை விரும்பி வாங்குகிறார்கள். மாதிரி ஒவ்வொரு சொல்துண்டையும் எழுதத் தன் எடைகள் முழுவதையும் ஒரு முறை படித்தாக வேண்டும். கார்டின் நினைவக வேகமான 936 ஜிபியை, 12 ஜிபி மாதிரியின் அளவால் வகுத்தால் நொடிக்கு 78 சொல்துண்டு என்ற உச்சவரம்பு கிடைக்கும். ஈதாஷுக்குப் போட்ட அதே வகுத்தல். இங்கேயும் சிப் நினைவகத்துக்காகக் காத்திருக்கிறது. ஆகவே 350 வாட் கார்டுக்கு 250 வாட்டில் வரம்பு போட்டாலும் வேகம் அதிகம் குறைவதில்லை. ரிக் ஓட்டிப் பழகியவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை; புதிதாக வருபவர்கள் முதல் மின்கட்டணத்துக்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.